மத்தியாஸ் ஹோல்ஸரின் கல்வெட்டு

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களில் யார் செத்தாலும் முதல் தொலைபேசி பியூனரல் ஹோமுக்குப் போகும், இரண்டாவது பங்குச் சுவாமியாருக்கோ கோயில் ஐயருக்கோ போகும், மூன்றாவது எனக்கு வரும். நான் கல்வெட்டு எழுதுகிறவன். கல்வெட்டு என்றதும் கோயில் சுவரைத் தேடிப் போகவேண்டாம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படங்களோடும் பாட்டுகளோடும் சிறு புத்தகமாக அடித்து, சாப்பிட வந்த எல்லாருடைய கையிலும் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தப் புத்தகத்துக்குத்தான் கல்வெட்டு என்று பெயர். வேதக்காரரான கிறிஸ்தவர்களும் சைவக்காரரும் இந்த விஷயத்தில் ஒற்றுமை.

முப்பது வருடத்தில் நானூறுக்கு மேல் எழுதிவிட்டேன். அந்த நானூறு பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. மனைவியை அடித்தவர் என் கையில் ‘கண்டிப்பான குடும்பத் தலைவர்’ ஆவார். குடித்தே அழிந்தவர் ‘நண்பர்கள் சூழ வாழ்ந்தவர்’ ஆவார். தம்பியின் காணியை விழுங்கியவரை ‘குடும்பச் சொத்தைக் கட்டிக்காத்தவர்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தம்பியே சாப்பாட்டு மேசையில் அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். செத்தவரின் குற்றத்தை எழுதக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை.

போன ஒக்டோபரில் செலீன் என் கதவைத் தட்டினாள்.

“வின்சன்ற் அண்ணை, உங்களுக்கு ஒரு கல்வெட்டு வேலை கொண்டுவந்திருக்கிறன். ஆனா ஆள் இன்னும் சாகேல்லை.”

செலீன் எங்கள் பில்டிங்கில்தான் இருக்கிறாள். வயதானவர்களை அவரவர் வீட்டிலேயே குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒன்பதாம் மாடியில் இருக்கும் எடித் ஹோல்ஸரையும் அவள்தான் பார்க்கிறாள். எடித்துக்கு எண்பத்தாறு வயது, இருதய வருத்தம், பிள்ளைகள் இல்லை. இந்தப் பில்டிங்கில் ஒரு தமிழன்கூட இல்லாத காலத்திலிருந்து இருக்கிறவர். ஒருநாள் செலீனின் கைப்பையில் ஒரு கல்வெட்டைக் கண்டு, இது என்ன என்று கேட்டிருக்கிறார். செலீன் விளக்கியிருக்கிறாள். உடனே, இதை எழுதுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

எடித் என்னோடு பேசியது ஆங்கிலத்தில். அதை நான் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

“என் இறுதிச் சடங்குக்குப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அதில் பதினொரு பேர் தமிழர்கள். அதனால் புத்தகம் தமிழில் இருக்கவேண்டும்” என்றார்.

“உங்களைப் பற்றித்தானே?”

“என்னைப் பற்றி என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், ஓய்வு எடுத்தேன். என் அப்பப்பாவை, அப்பாவின் அப்பாவைப் பற்றி எழுதுங்கள். அவருக்குக் கல்லறைகூட இல்லை.”

அப்பப்பா என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டேன். அரசியல்வாதி, சோஷலிசக் கட்சி என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. மேடையில் தோழர் தோழர் என்று முழங்கிவிட்டு, வீட்டில் வேலைக்காரனை வாசலில் நிறுத்திப் பேசிய ஆட்களை ஊரிலேயே நான் போதுமான அளவு கண்டிருக்கிறேன். ஆனாலும் கேட்கிறவர் இருதயத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். சரி என்றேன்.

அடுத்த மூன்று வாரம் பின்னேரங்களில் ஒன்பதாம் மாடிக்குப் போனேன். எடித்திடம் அப்பப்பாவின் கையெழுத்தில் இரண்டு கொப்பிகளும் ஒரு கட்டுப் பத்திரிகை நறுக்குகளும் இருந்தன. ஜெர்மன் மொழியில் இருந்ததை ஒவ்வொரு வரியாக வாசித்து ஆங்கிலத்தில் சொல்லுவார். நடுவில் மூச்சு வாங்கினால் செலீன் வந்து தண்ணீர் கொடுப்பாள்.

மத்தியாஸ் ஹோல்ஸர் 1874-இல் பிறந்தவர். அன்றைக்கு ஒஸ்ரியப் பேரரசுக்குள் இருந்து, இன்றைக்குச் செக் நாட்டுக்குள் இருக்கிற, ஜெர்மன் பேசிய ஒரு நெசவு ஊர். ஒன்பது வயதில் ஆலைக்குப் போனார். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குக் கீழே புகுந்து அறுந்த நூலை முடிவதுதான் வேலை. பெரியவர்களின் உடம்பு அங்கே நுழையாது. அரை நாள்தான் பள்ளிக்கூடம். மிச்சப் படிப்பையெல்லாம் தொழிலாளர் வாசிகசாலையில் பழைய பத்திரிகைகளில் படித்தார்.

நூல் காய்ந்தால் அறும் என்று ஆலைக்காரர் கோடையிலும் ஜன்னல்களை ஆணியடித்து மூடிவைத்திருந்தார்கள். உள்ளே நீராவியும் பஞ்சுத் தூசியும். இருபத்தாறு வயதில் ஹோல்ஸர் ஒரு குறட்டோடு போய், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முதல் ஜன்னலின் ஆணிகளைப் பிடுங்கினார். நாலு மாதம் மறியலில் அடைத்தார்கள். அவர் வெளியே வந்தபோது ஆலையின் பாதி ஜன்னல்கள் திறந்திருந்தன. அவர் உள்ளே இருந்த காலத்தில் நெசவுப் பெண்கள் மிச்ச ஆணிகளைப் பிடுங்கிவிட்டார்கள்.

இன்னொரு முறை செக் மொழி பேசுகிற தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜெர்மன் பேசுகிறவர்கள் அது எங்கள் சண்டை இல்லை என்று ஒதுங்கினார்கள். ஹோல்ஸர் மேடையில் ஏறி ஒன்றும் பேசாமல் நின்றாராம். கூட்டத்தில் அங்கேயும் இங்கேயும் ஆட்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். “இதில் செக் இருமல் எது, எங்கள் இருமல் எது? பிரித்துச் சொல்கிறவன் நாளைக்கு வேலைக்குப் போகலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.

1907-இல் ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்து நடந்த முதல் தேர்தலில் வியன்னாப் பாராளுமன்றத்துக்குப் போனார். சட்டைப்பையில் பாண் ரொட்டியை வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பு ரயிலில்தான் பயணம். முதல் வகுப்பில் வரலாமே என்று ஒரு அதிகாரி கேட்டதற்கு, “என் ஆட்கள் முறைப்பாடு சொல்வது மூன்றாம் வகுப்பில்தான்” என்றாராம். பிள்ளை பெற்ற பெண்களை ஆறு வாரம் தறிக்கு வரச்சொல்லக்கூடாது என்பதற்காக ஏழு வருடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

நான் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத மறந்து இருந்தேன். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் கொஞ்சம் பொறாமையும் வந்தது. என் நானூறு பேருக்கும் நான் வார்த்தைகளால் உடுப்புத் தைத்துப் போடவேண்டியிருந்தது. இவருக்கு அது தேவைப்படவில்லை.

பிறகு எடித் இரண்டாவது கொப்பியைத் திறந்தார்.

1914-இல் போர் வந்தது. அதுவரை போரே கூடாது என்று பேசிய கட்சி ஒரே கிழமையில், ஏழே நாளில், பேச்சை மாற்றியது, ஹோல்ஸரும் மாற்றினார். ஊர்ப் பத்திரிகையில் ‘கடமை அழைக்கிறது’ என்று எழுதினார். ரயில் நிலையத்தில் ஒரு வண்டியில் ஏறி நின்று, ஆலைப் பையன்களைப் பார்த்துப் போய் வாருங்கள் என்று பேசினார். அவருக்கு அப்போது நாற்பது வயது, நெஞ்சு பலவீனம் என்று படை அவரை எடுக்கவில்லை. போன பையன்களில் நாற்பத்து மூன்று பேர் திரும்பவில்லை.

1919-இல் தேர்தல் கூட்டம். வெல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்த தேர்தல். ஹோல்ஸர் ஆலை முற்றத்து மேடையில் ஏறி, ஒரு தாளை எடுத்து, நாற்பத்து மூன்று பெயரையும் வாசித்தார். “இவர்களைப் போகச் சொன்னவன் நான். நான் போகவில்லை. நான் சொன்னது பிழை. இதைத் தெரிந்துகொண்டு வாக்குப் போடுங்கள்” என்றார். தோற்றுப்போனார்.

“அதற்குப் பிறகுதான் பெரிய வேலையைத் தொடங்கினார்” என்றார் எடித். “ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் போனார். ஒவ்வொரு தாயிடமும் நேரே போய்ச் சொன்னார். ஒருத்தி கழுவுநீரை ஊற்றினாள். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு ஆறு முறை போனார். முடிக்க ஒரு வருடம் பிடித்தது.”

தலைவலி என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்லவேண்டும். எங்கள் பில்டிங்கில் ஏழாம் மாடியில் பேபியக்கா இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. அவருடைய ஒரே மகன் கிளிபோட் 1990-இல் பள்ளிச் சோதனைக்கு என்னிடம் ரியூசன் படித்தவன். பதினேழு வயது. தகப்பன் அப்போதே கனடாவுக்கு வந்துவிட்டார், ஊரில் தாயும் மகனும்தான். அந்த நாளில் நான் படிப்பிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மேடைகளில் பேசுவேன். இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிற கூட்டங்கள். என் பேச்சைக் கேட்கச் சனம் சைக்கிளில் வரும். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு கிளிபோட் நின்றான். “சேர், நானும் போகட்டோ? சோதனை வருது” என்று கேட்டான். “இப்ப சோதனையா முக்கியம்?” என்று நான் கேட்டேன். மறுநாள் காலை அவன் போய்விட்டான். பதினொரு கிழமையில் செத்துப்போனான். அவன் போன நாலாம் மாதம் நான் கொழும்பில் விமானம் ஏறினேன்.

என் பேச்சைக் கேட்டுத்தான் அவன் போனான் என்று பேபியக்காவுக்குத் தெரியாது. அவருடைய கணவர் இறந்தபோது கல்வெட்டு எழுதியது நான்தான். அதில் கிளிபோட்டைப் பற்றி ஒரு பாட்டும் எழுதினேன். அன்றிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம் மாஸ்டர், மாஸ்டர் என்று மரியாதையாகப் பேசுவார். நான் எழுதுகிற ஒவ்வொரு கல்வெட்டையும் கண்ணாடி போட்டு இரண்டுதரம் வாசிப்பார். எடித்தின் பதினொரு பேரில் அவரும் ஒருவர். நான் ஹோல்ஸரின் ஞாயிற்றுக்கிழமைகளை எழுதினால், அந்தப் பக்கத்தை என் கையாலேயே பேபியக்காவிடம் கொடுக்கவேண்டும்.

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ‘போர்க்காலத்தில் மக்களின் துயரில் பங்கெடுத்து, போருக்குப் பின் இழந்தவர்களின் இல்லங்கள்தோறும் சென்று ஆறுதல் கூறினார்’ என்று எழுதி முடித்துவிட்டேன். மேலும் கீழும் வாசித்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

எடித் சும்மா இருக்கவில்லை. செலீனை இருத்தி, எழுதியதை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். அந்த வரி வந்ததும் செலீனின் குரல் தேய்ந்தது. எடித் கையை உயர்த்தினார்.

“ஆறுதல் கூறினாரா?”

“அது எங்கள் வழக்கம். இறந்தவர்களின் பிழையை நாங்கள் எழுதுவதில்லை” என்றேன்.

“நானூறு புத்தகம் எழுதினேன் என்றீர்களே. நானூறு பேரும் ஒரு பிழையும் செய்யவில்லையா?”

செலீன் என்னைப் பார்த்து, “செத்தாப்பிறகு எங்கட ஆக்கள் ஒருத்தரும் பிழை விடுறேல்லை” என்று தமிழில் முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எடித் என் பக்கம் திரும்பினார். “ஜன்னல் ஆணி பிடுங்க ஆயிரம் பேரால் முடியும், வின்சன்ற். கைதட்டுகிறவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு ஒருவரும் இருக்கவில்லை. நீங்கள் என் அப்பப்பாவை வெட்டி எடுத்துவிட்டு, அவருடைய தொப்பியை மட்டும் வைத்திருக்கிறீர்கள்.” பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்: “1938-இல் ஜெர்மன் படை வந்தபோது சோஷலிசக்காரர்களைக் கனடாவுக்கு அனுப்ப இடம் கிடைத்தது. என் அப்பாவும் அம்மாவும் போனார்கள். நான் வயிற்றில் இருந்தேன். அப்பப்பாவுக்கும் இடம் இருந்தது. அதை ஒரு பிள்ளைக்காரக் குடும்பத்துக்குக் கொடுத்தார். ஒருமுறை மற்றவர்களை ரயிலேற்றிச் சாகவிட்டேன், இந்தமுறை எல்லாரும் தப்பிப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அசைவேன் என்று ரயில் நிலைய மேடையில் நின்றாராம். அங்கேயே பிடித்தார்கள். இரண்டு வருடத்தில் முகாமில் செத்தார். உங்கள் வரியை வாசிக்கிறவனுக்கு அவர் ஏன் நின்றார் என்று எப்படி விளங்கும்?”

தாள்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு கிழமை எலிவேற்றரில் ஏழாம் இலக்கத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. படியால் ஏறி இறங்கினேன். அறுபத்திரண்டு வயது முழங்கால் திட்டியது. ஹோல்ஸரின் பக்கத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். ‘நான் சொன்னது பிழை’ என்ற மூன்று சொல் வரும். அதோடு பேனை நின்றுவிடும். முப்பது வருடம் மற்றவர்களின் பொய்யை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னுடையதைத்தான் இவ்வளவு காலமும் பழகியிருக்கிறேன். நான் ஒரு கோழை. இதைச் சொல்ல வேறு நல்ல சொல் என் தொழிலில் இருந்திருக்கும், தேடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானம் ஏழாம் மாடிக்குப் போனேன்.

“வாங்கோ மாஸ்டர், இருங்கோ. தேத்தண்ணி போடுறன்” என்றார் பேபியக்கா.

“வேண்டாம் அக்கா. முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ.”

சொன்னேன். மேடைப் பேச்சுக்காரன், பத்துச் சொல்லில் திக்கினேன். கிளிபோட் வகுப்பு முடிந்து நின்றதையும், அவன் கேட்டதையும், நான் சொன்னதையும் சொன்னேன். நான் போகவில்லை என்பதையும், நாலாம் மாதம் விமானம் ஏறியதையும் சொன்னேன். அவரைப் பார்க்க முடியாமல் கதிரையின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

பேபியக்கா அழவில்லை. “அவன் உம்மிட்டக் கேட்டவனோ?” என்றார்.

“ஓம்.”

“போகட்டோ எண்டு கேட்டவனோ? போகப்போறன் எண்டு சொல்லேல்லையோ?”

“இல்லை அக்கா. கேட்டவன்.”

“வேற என்ன கேட்டவன்?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். கிளிபோட் கேட்டதை மேலே எழுதியபோது நான் முழுவதையும் எழுதவில்லை. கை தானாகவே வெட்டிவிட்டது. பேபியக்காவிடமும் அப்படித்தான் முதலில் வெட்டிச் சொன்னேன். அவர் கேட்டபிறகு மிச்சத்தை மறைக்க என்னால் முடியவில்லை.

“‘அம்மா தனிய, நான் போனா அம்மாவை ஆர் பாக்கிறது சேர்?’ எண்டு கேட்டவன். எல்லா அம்மாமாரும் தனியத்தான் இருக்கினம் எண்டு நான் சொன்னனான்.”

பேபியக்கா மெல்ல எழும்பிப்போய்ச் சுவரில் இருந்த ஒரு சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். கணவரின் கல்வெட்டில் நான் கிளிபோட்டுக்கு எழுதிய பாட்டு. ‘பெற்றவளை மறந்து பிறந்த மண்ணை நினைத்தவன்’ என்று தொடங்கும். எதுகை நன்றாக விழுந்தது என்று அன்றைக்கு நான் பெருமைப்பட்ட வரி.

“பதினாறு வருசமா விடியவிடிய இதைத்தான் வாசிக்கிறன்” என்றார். “என்னை மறந்துதான் போனவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். நீர் எழுதினது. பொய் எண்டு தெரிஞ்சுகொண்டு எழுதினது.”

“ஓம் அக்கா.”

“எழும்பிப் போம்.”

எழும்பினேன். கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“நாளைக்கும் வாரும். அவன் வகுப்பு முடிஞ்சு நிண்டதிலயிருந்து சொல்லும்.”

ஹோல்ஸரின் பக்கத்தை அன்று பின்னேரமே எழுதி முடித்தேன். நாற்பத்து மூன்று பெயரையும் சேர்த்தேன். எடித் செலீனைக்கொண்டு இரண்டுதரம் வாசிப்பித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

நான் தினமும் ஏழாம் மாடிக்குப் போகிறேன். இன்றோடு பதினெட்டு நாள். பேபியக்கா என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை, தேத்தண்ணி தருவதில்லை, மன்னித்தேன் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதிரையைக் காட்டுவார், நான் இருந்து சொல்லுவேன். ‘அம்மாவை ஆர் பாக்கிறது’ என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி என்னை நிறுத்துவார். கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொருதரம் சொல்லச் சொல்லுவார்.